பீலா இல்லை

ஆகஸ்ட் 4

1996 அட்லாண்டா ஒலிம்பிக் குத்துச்சண்டை இறுதிப்போட்டியை மறுபடி போட்டுப் பார்த்தேன். அதே தேதி என்பது ஒரு சாக்கு. 57 கிலோ ஃபெதர்வெயிட் பிரிவு. பல்கேரியாவின் செராஃபிம் டோடோரோவை 8-5 என்று சோம்ரக் கம்சிங் வென்றார். தாய்லாந்துக்கு ஒலிம்பிக்கில் முதல் தங்கம். மூன்று மூன்று நிமிடமாக மூன்று ரவுண்டு ஆடி, எட்டே எட்டுப் புள்ளி!

ஆகஸ்ட் 5

அந்த எட்டு இன்னும் தலைக்குள் சுற்றுகிறது. அப்போது ஐந்து நடுவர்களில் மூன்று பேராவது ஒரே நொடிக்குள் பொத்தானை அழுத்தினால்தான் புள்ளி ஏறும். சரமாரியாக அடித்தால் பாதி காற்றோடு போகும். சுத்தமாக விழும் ஒற்றைக் குத்துக்குத்தான் மதிப்பு.

சோம்ரக் இதற்கென்றே வார்த்த ஆள். இடதுகைக்காரர். கைகளைத் தொங்கவிட்டு, 'வா, அடி' என்பதுபோல் முகத்தைக் காட்டுவார். எதிராளி வீசியதும் முகம் அங்கே இருக்காது, பதில் குத்து மட்டும் வந்து விழும். தாய்லாந்தின் கோன் கேன் பக்கத்துப் பையன். காலாலும் உதைக்கும் தாய்லாந்துச் சண்டையான முய் தாய் மேடையில் 'பிம்அரன்லெக்' என்ற பெயரில் ஆடியவர். முகத்துக்கு வரும் உதைக்குப் பின்சாய்ந்து தப்பிப் பழகிய உடம்புக்குக் கையுறை எம்மாத்திரம்? இது என் ஊகம்தான்.

ஆகஸ்ட் 7

மழை. கரண்ட் இல்லை.

ஆகஸ்ட் 8

இன்று அரையிறுதி. டோடோரோவ் 10-9 என்று ஃபிளாய்ட் மேவெதரை வென்ற ஆட்டம். அமெரிக்கர்கள் முறையிட்டும் பலனில்லை. எனக்கும் மேவெதர்தான் ஜெயித்ததாகப் பட்டது. அப்புறம் அவர் தொழில்முறையில் 50 ஆடி 50-ம் வென்றார். டோடோரோவ் 'மேவெதரைக் கடைசியாக வென்றவர்' என்ற அடைமொழியோடு நின்றுவிட்டார். சோம்ரக் அமெச்சூராகவே ஆடினார்: 1992 முதல் 2004 வரை நான்கு ஒலிம்பிக், 1994 ஹிரோஷிமாவிலும் 1998 பாங்காக்கிலும் ஆசிய விளையாட்டுத் தங்கம். சிட்னியில் காலிறுதியோடு சரி. ஏதென்ஸில் முதல் ஆட்டத்திலேயே வெளியே. அதைப் பார்க்க எனக்கு மனசில்லை.

ஆகஸ்ட் 10

அவருக்குப் பின் விஜன் போன்லிட், மனுஸ் பூன்ஜும்னோங், சோம்ஜித் ஜோங்ஜோஹோர் என்று அடுத்தடுத்து மூன்று ஒலிம்பிக்கிலும் தாய்லாந்துக் குத்துச்சண்டைக்குத் தங்கம். 1976-லேயே பயாவ் பூன்தரத் வெண்கலம் வாங்கி, நாட்டின் பதக்கக் கணக்கைத் தொடங்கிவைத்திருந்தார். அப்படியும் சோம்ரக் தனியாகத் தெரிகிறார். முதல் தங்கம் பாதிக் காரணம். மீதி, வாய். 'மை டாய் மோ' என்பார், அதாவது 'பீலா விடவில்லை'. அதுவே அவருடைய முத்திரை வசனம் ஆனது. டிவி, சினிமா என்று போனபோதும் கூடவே போனது. கையைவிட வாய்தான் அவருக்கு நீண்டநாள் உழைத்திருக்கிறது என்பேன்.

ஆகஸ்ட் 11

தம்பி மகன் வந்திருந்தான். இறுதிப்போட்டியைக் காட்டினேன். "இவர் அடிக்கவே இல்லையே பெரியப்பா" என்றான். சரி, அவர் கால்களை மட்டும் பார் என்று முதலிலிருந்து ஓடவிட்டேன். இரண்டாவது ரவுண்டில் செல்போனைக் கீழே வைத்தான்.