குதிரையின் வளைவு

அப்பலாச்சியா மலைப்பகுதியில், வட கரோலினாவில் உள்ள ஒரு வயலின் பட்டறையில் ஒன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். சேர்ந்த முதல் குளிர்காலத்தில் நான் செய்த தவறு இன்னும் உறுத்துகிறது.

நடனக் கூடங்களில் ஃபிடில் வாசிக்கும் பெரியவர் ஒருவர், மேற்பலகையில் விழுந்த விரிசலை ஒட்டித் தரும்படி தம் வாத்தியத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். தந்திகளைத் தாங்கும் மரத்துண்டான குதிரை மிகத் தட்டையாக இருந்தது. யாரோ தெரியாமல் சீவிவிட்டார்கள் என்று முடிவு செய்து, நான் படித்தபடி மேல் வளைவு 42 மில்லிமீட்டர் ஆரத்தில் அமைய, புதிய குதிரை செதுக்கிப் பொருத்தினேன். உள்ளே ஏதோ காய்ந்த பொருள் உருண்டது. அதையும் எடுத்து எறியப் போனேன். பட்டறையின் மூத்தவர் பதறித் தடுத்தார். அது ராட்டில்ஸ்நேக் பாம்பின் வால் நுனி; ஃபிடிலுக்குள் அதைப் போட்டுவைப்பது அந்த மலைக்காரர்களின் பழைய வழக்கம்.

பெரியவர் வந்து வாசித்துப் பார்த்தார். "இதில் என் கை ஓடவில்லை" என்றார். பிறகு, கழற்றி வைத்திருந்த பழைய குதிரையை மாட்டச் சொல்லி, அருகில் நின்று பார்க்கச் சொன்னார். வில் எப்போதும் இரண்டு தந்திகளைச் சேர்த்தே இழுத்தது. அடுத்த ஜோடிக்கு மாறும்போது மணிக்கட்டு மட்டும் லேசாகச் சாய்ந்தது, முழங்கை அசையவில்லை. என் வளைவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் முழங்கையைத் தூக்க வேண்டும். இரவு முழுக்க ஆடுகிறவர்களுக்கு வாசிக்கும் கை அதைத் தாங்காது.

அடுத்து, கீழ்த் தந்திகள் இரண்டையும் ஒரு முழுச் சுரம் ஏற்றி, ஏ-ஈ-ஏ-ஈ என்று சுருதி கூட்டினார். எனக்கு மெய்சிலிர்த்தது. அது ச-ப-ச-ப! கும்பகோணத்தில் என் தாத்தா மாலைதோறும் பிரடையை, அதாவது தந்தியை முறுக்கும் முளையை, திருகிச் சேர்த்த அதே அமைப்பு. தட்டையான அந்தக் குதிரையின் வளைவை அன்றே அட்டையில் வரைந்துகொண்டேன். அது என் மேசைக்கு மேல் தொங்குகிறது.

சென்ற ஆண்டு வந்த ஜாஸ் கலைஞருக்குத் தேவை நேர்மாறானது. ஒற்றைத் தந்தியில் ஸ்வரங்கள் வேகமாக, தனித்தனியாக விழ வேண்டும். கூடவே கீழே ஐந்தாவதாக ஒரு சி தந்தியும் வேண்டும். சி தந்தியின் அதிர்வு ஏறத்தாழ 131 ஹெர்ட்ஸ். வயலினின் உடலான மரப்பெட்டிக்குள் உள்ள காற்று ஒத்ததிர்வது 270 ஹெர்ட்ஸுக்கு மேல். ஆகவே உடல் நீளம் 356 மில்லிமீட்டராகவே இருக்கும்போது, அந்த அடிநாதத்துக்குப் பெட்டியின் உதவி சொற்பம். பக்கப் பலகைகளை 30 மில்லிமீட்டரிலிருந்து 35 ஆக உயர்த்தினோம். ஓரளவு கனம் வந்தது.

டிரம்ஸுக்கு எதிரே கேட்க வேண்டுமே! 1930களில் ஜாஸ் கலைஞர் ஸ்டஃப் ஸ்மித் வயலினை ஒலிபெருக்கியோடு இணைத்ததற்கும் இதே காரணம்தான். நாங்களும் குதிரையில், அதிர்வை மின்சமிக்ஞையாக மாற்றும் பிக்கப் வைத்தோம். ஸ்பீக்கர் ஒலி திரும்பி வந்து ஊளையிடாமலிருக்க மேற்பலகையைச் சற்றுத் தடிமனாக விட்டதில் எனக்கு வருத்தம்தான். வயலினின் சொந்தக் குரல் கொஞ்சம் மங்கியது.

ஆனால் எங்களைப் படாதபாடு படுத்தியது மறுபடியும் குதிரை. வளைவைக் கூட்டினால், சி தந்தியைத் தொடும்போது வில் வயலினின் இடுப்பு விளிம்பில் இடித்தது. குறைத்தால் பக்கத்துத் தந்தியும் சேர்ந்து முனகியது. மூன்றாவது குதிரைதான் அமைந்தது. முதல் இரண்டையும் எறியவில்லை; அடுத்த ஐந்து தந்தி வயலினுக்கு அவற்றிலிருந்துதான் அளவு எடுக்கப்போகிறேன்.