மகளைப் பள்ளி மாற்றலாமா என்று தவித்த நான்கு மாதங்கள்

நாங்கள் இந்தப் புறநகருக்குக் குடிவந்தபோது மகளுக்கு இரண்டு வயது. அவள் மூன்றாம் வகுப்புக்கு வருவதற்குள் தெருவே மாறிவிட்டது. பழைய குடும்பங்கள் பல வீட்டை விற்றுவிட்டுப் போயின. வேறு வேறு மொழி பேசுகிறவர்கள் வந்தார்கள். பள்ளி வாசலில் ஐந்தாறு மொழிகள் காதில் விழும். எனக்கு அது பிடித்தே இருந்தது. ஆனால் பள்ளியின் தேர்வுச் சராசரி இரண்டு ஆண்டுகளாக இறங்கிக்கொண்டே வந்தது. ஒரே விடுமுறையில் மகளின் தோழிகள் மூன்று பேர் வேறு பள்ளியில் சேர்ந்துவிட்டார்கள். பயந்துபோய் நானும் விண்ணப்பம் வாங்கி வந்தேன். கடைசி நாளுக்கு நான்கு மாதம் இருந்தது.

தலைமை ஆசிரியரிடமே போய், சராசரி ஏன் இறங்குகிறது என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. தேர்வு எழுதியவர்களில் பலர் போன வருஷம்தான் பயிற்று மொழியையே கற்க ஆரம்பித்தவர்கள் என்றார். "சராசரியை விடுங்கள். ஒரு பிள்ளை ஒரு வருஷத்தில் எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்று பாருங்கள்." அந்தக் கணக்கை, பெயர்கள் இல்லாமல், எழுதிக் கேட்டால் தருவார்களாம். கேட்டேன். மூன்று வாரம் கழித்து வந்தது. முதல் வகுப்பிலிருந்து அங்கேயே படிக்கும் பிள்ளைகளின் முன்னேற்றம் கொஞ்சமும் குறைந்திருக்கவில்லை. புதிதாக வந்தவர்கள் கீழிருந்து தொடங்கியதால்தான் சராசரி இறங்கியிருந்தது. இதைத் தெரிந்துகொள்ளாமல் எத்தனை பேர் போய்விட்டார்கள் என்று நினைத்தபோது மனசு கனத்தது.

அப்புறம் நிறையப் படித்தேன். இரண்டாம் மொழி கற்கும் பிள்ளைகளைப் பற்றி ஆராய்ந்த கனடாவின் ஜிம் கம்மின்ஸ், விளையாடும்போது பேசுகிற மொழி சுமார் இரண்டு ஆண்டில் வந்துவிடும், பாடப் புத்தகத்தின் மொழி கைவர ஐந்து முதல் ஏழு ஆண்டு பிடிக்கும் என்கிறார். பொருளியலாளர் தாமஸ் ஷெல்லிங் 1971-ல் காட்டியது இன்னும் உறைத்தது. அக்கம்பக்கத்தில் தன்னைப் போன்றவர்கள் பாதிக்கும் குறைவாக இருந்தாலே போதும் என்று நினைக்கிறவர்கள்கூட, அவரவர் தனித்தனியாக இடம் மாறும்போது, ஊரே இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. யாருக்கும் வெறுப்பு இருக்க வேண்டியதில்லை. என் கையிலிருந்த விண்ணப்பமும் அப்படி ஒரு நகர்வுதானே?

அதற்காகப் பள்ளியில் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு நாள் காலை முழுக்க வகுப்பின் பின்வரிசையில் உட்கார அனுமதி வாங்கினேன். புதிதாக வந்த சிறுவன் ஒருவன் கணக்கை மனதிலேயே சரியாகப் போட்டுவிட்டு, விடையை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் விரல்களைக் காட்டினான். மொழிப் பயிற்சிக்கு என்று மொத்தப் பள்ளிக்கும் ஒரே ஆசிரியர். அவர் அந்த வகுப்புக்கு வாரம் இரண்டு முறைதான் வருவார். பெற்றோர் கூட்டத்துக்கான கடிதமும் ஒரே மொழியில்தான் போகிறது. பாதி வீடுகளில் அதைப் படிக்க ஆள் இல்லை. வராதவர்களுக்கு அக்கறை இல்லை என்று நாங்களும் பேசிக்கொண்டிருந்தோம்.

வீட்டில் பேசி முடிவெடுத்தோம். கடைசி நாளன்று விண்ணப்பத்தைக் கொடுக்கவில்லை. அடுத்த கூட்டத்துக்கான கடிதத்தை, அந்தந்த மொழி தெரிந்த பெற்றோர்களே உட்கார்ந்து நான்கு மொழிகளில் எழுதினோம். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பேர் வந்தார்கள். எல்லோரும் கையெழுத்திட்டு, இரண்டாவது மொழி ஆசிரியர் வேண்டும் என்று கல்வி அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறோம். இன்னும் பதில் வரவில்லை. வாரம் ஒருமுறை போய்க் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.