முதலில் அட்டவணை, அப்புறம் தண்டவாளம்

புதிய ரயில் பாதை பற்றி எந்த அறிவிப்பு வந்தாலும் நான் முதலில் தேடுவது வேகத்தை அல்ல. இறங்கியபின் அடுத்த ரயில் எத்தனை நிமிடத்தில் கிடைக்கும்? பெரும்பாலும் அந்த விவரமே இருக்காது. குழந்தையையும் பெட்டியையும் தூக்கிக்கொண்டு ரயில் மாறுகிறவருக்கு அதுதானே முக்கியம்!

சுவிட்சர்லாந்தில் 1987இல் மக்கள் வாக்கெடுப்பில் ஏற்கப்பட்ட 'ரயில் 2000' திட்டத்தில், முதலில் அட்டவணையைத்தான் வரைந்தார்கள். பெரிய சந்திப்புகளுக்குப் பல திசை ரயில்களும் முழு மணிக்குச் சற்று முன் வந்து, சற்றுப் பின் கிளம்ப வேண்டும். அப்படியானால் இரண்டு சந்திப்புகளுக்கு இடையிலான பயணம் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தாக வேண்டும். அப்போது சூரிக்–பெர்ன் பயணம் அதைவிட நீண்டதாக இருந்தது. அதற்காகவே மாட்ஸ்டெட்டன்–ரோத்ரிஸ்ட் புதுப்பாதை போட்டார்கள். 2004 டிசம்பரில் அது திறந்ததும் பயணம் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கியது. வேகம் மணிக்கு 200 கிலோமீட்டர்தான். சரி, 300 வைத்திருந்தால்? சீக்கிரம் போய் நடைமேடையில் காத்திருக்க வேண்டியதுதான்.

ஒற்றைத் தடத்திலும் இது பொருந்தும். எதிரெதிர் ரயில்கள் எங்கே சந்திக்கும் என்று அட்டவணை சொல்லிவிடும். அங்கே மட்டும் இரண்டாவது தடம் போடலாம். மிச்சமாகும் பணத்தில் நடைமேடையைப் பெட்டி வாசலின் உயரத்துக்கு உயர்த்துங்கள். சக்கர நாற்காலியில் வருபவர் யார் உதவியுமின்றி ஏறட்டும்.