மெழுகுக் கூலன்ட்: ஒருமாதிரி உறைய வச்சாச்சு

கொம்பியூட்டர் புரோசஸரைக் குளிராக்க நனோ அளவு மெழுகுத் துளி கலந்த தண்ணியை ஓட்டிப் பாக்கிறன்: துளி உருகேக்க வெப்பத்தை உறிஞ்சும், ரேடியேட்டரில உறையேக்க அதை விடும். உருக வைக்கிறது ஒருநாளும் பிரச்சினை இல்ல, உருகின மெழுகுத் துளியைத் திரும்ப உறைய வைக்கத்தான் விசர் பிடிச்சது. இப்ப ரேடியேட்டரால வெளிய வரேக்க உறைஞ்சு வருது!

ஆக்டடெக்கேன் எண்ட மெழுகு 28 பாகையில உருகும், யாழ்ப்பாண வெக்கைக்கு அது போத்திலுக்குள்ளயே எண்ணெயாத்தான் கிடக்கும். அதால 44இல உருகிற டொக்கோசேன், கொழும்பிலயிருந்து எடுப்பிச்சது, சின்னப் போத்தில்தான், விலையைச் சொன்னா வீட்டில சண்டை வரும்.

பெரிய கட்டி மெழுகில எங்கயாவது ஒரு தூசி கிடக்கும், அதில பளிங்கு தொடங்கிடும். அதையே நனோ அளவுக்கு உடைச்சா முக்காவாசித் துளிக்குள்ள தொடங்க ஒண்டுமே இல்ல, 44 தாண்டி 33 வரை இறக்கியும் திரவமாவே நிக்குது. அறையே 32, பிறகு எங்க உறையிறது? ரேடியேட்டரைச் சுத்தி வந்தும் உருகினபடிதான், அப்ப அது வெறும் விலை கூடின தண்ணி.

மருந்து என்னெண்டா சாதாரண மெழுகுதிரி மெழுகு. 60க்குக் கிட்ட உருகிறது, டொக்கோசேனோட கொஞ்சம் சேர்த்து உருக்கினா அது முந்தி உறைஞ்சு மற்றதையும் இழுக்குது. டிஎஸ்18பி20 வெப்பநிலை சென்சர் வச்சு ஆற ஆற வரைபடம் எடுத்தன், 40இல வடிவான ஒரு தட்டை, அதுதான் உறையிற இடம்! அதைப் பாத்துக்கொண்டே இருந்தன்.

துளி சின்னனாக்க கஸ்தூரியார் வீதி நகைக்கடைத் தெரிஞ்சவரிட்ட அல்ட்ராசோனிக் கிளீனர் இரவல் வாங்கினன், உண்மையில அது காணாது. மெழுகையும் தண்ணியையும் கலந்து வைக்கிற ட்வீனும் ஸ்பானும் போட்டு உருக்கின மெழுகுக்குள்ள சுடுதண்ணியைத் துளித்துளியா விட்டுக் கலக்கிறதுதான் பெரிய வேலை செய்யுது, தண்ணியை மெழுகுக்குள்ள விடோணும், மாறி விட்டா சரிவராது. கலவையில ஒரு சொட்டைத் தண்ணியில விட்டு டோர்ச் அடிச்சா பக்கத்தால லேசா நீலம் தெரியோணும், வெறும் வெள்ளையெண்டா துளி இன்னும் பெருசு.

இனித்தான் பம்ப் தலையிடி. 100 வாட் புரோசஸருக்கு நிமிசத்துக்கு 1 லீட்டர் ஓடினா தண்ணி 1.4 பாகைதான் ஏறும், 40இல உறைஞ்சது 44 வந்தாத்தான் உருகும், அதுக்கு இந்த ஏற்றம் காணாது, இடையில உருகவும் இல்ல உறையவும் இல்ல. 10 வீத மெழுகு முழுக்க உருகிறது தண்ணியை 5 பாகை சூடாக்கிற அளவு வெப்பம், அந்த 4 பாகையோட அதையும் சேர்த்தா 9, அதுக்கு ஓட்டத்தை 0.15 லீட்டருக்கு இறக்கோணும். அவ்வளவு மெதுவா ஓடுற பம்ப் மீன்தொட்டிக் கடையில கிடைக்குமோ தெரியேல்ல, ஆஸ்பத்திரியில மருந்து ஏத்திற மாதிரி குழாயை நசுக்கி ஓட்டுற பெரிஸ்டால்டிக் ஒண்டு ஒன்லைனில பாத்து வச்சிருக்கிறன்.

ரேங்குக்குள்ள நுரையும் வருது, ஒரு இரவு விட்டா மேல வெள்ளைப் படை. யாராவது சிலிக்கோன் நுரைகொல்லி போட்டுப் பாத்தனீங்களோ? துளியளவு பெருக்காட்டி நானும் வாங்கிறன்.