ஸ்பிரிங் சான்றிதழ்த் தேர்வு: டிபென்டென்சி பகுதியை நான் படித்த விதம்

ஜாவாவில் அப்ளிகேஷன் எழுத உதவும் ஸ்பிரிங் ஃப்ரேம்வொர்க்கில் இரண்டு வருடம் வேலை பார்த்த பிறகுதான் சான்றிதழ்த் தேர்வுக்குப் படிக்க உட்கார்ந்தேன். கன்ட்ரோலர், சர்வீஸ், ரெப்பாசிட்டரி என்று தினமும் எழுதுகிற வேலைதானே, ஒரு கிளாஸுக்குத் தேவையான மற்றப் பொருள்களை ஸ்பிரிங்கே கொடுக்கும் டிபென்டென்சி இன்ஜெக்ஷனைக் கடைசி வாரத்தில் ஒரு புரட்டு புரட்டினால் போதும் என்று நினைத்திருந்தேன். முதல் மாதிரித் தேர்விலேயே அதிகம் தவறியது அந்தப் பகுதியில்தான்.

ஒரு கேள்வி இன்னும் நினைவில் இருக்கிறது. ஒரு இன்டர்ஃபேஸ், அதற்கு இரண்டு கிளாஸ்கள், ஒன்று மின்னஞ்சல் அனுப்பும், இன்னொன்று எஸ்எம்எஸ் அனுப்பும். மூன்றாவது கிளாஸின் கன்ஸ்ட்ரக்டர் அந்த இன்டர்ஃபேஸைக் கேட்கிறது. எது வேண்டும் என்று பெயர் சொல்லும் குவாலிஃபயர் போடவில்லை, எதற்கு முன்னுரிமை என்று சொல்லும் பிரைமரியும் இல்லை. பாராமீட்டரின் பெயர் மட்டும் 'ஈமெயில்சென்டர்'. என்ன நடக்கும்? எந்த பீனை (ஸ்பிரிங் உருவாக்கிப் பராமரிக்கும் பொருளை) கொடுப்பது என்று தெரியாமல் ஸ்பிரிங் நின்றுவிடும் என்று குறித்தேன். நிற்காது. ஒரே டைப்பில் இரண்டு பீன் இருந்து, பிரைமரியும் இல்லாதபோது, பாராமீட்டரின் பெயரும் பீனின் பெயரும் ஒத்துப்போகிறதா என்று அது பார்க்கும். ஒத்துப்போனால் அதையே எடுத்துக்கொள்ளும்.

இந்த விடையை மனப்பாடம் செய்துகொண்டு நகர்ந்திருக்கலாம். ஆனால் கம்பைல் ஆன கிளாஸ் கோப்பில் பாராமீட்டர் பெயர் எப்படி இருக்கிறது என்று ஒரு சந்தேகம். தேடிப் பார்த்தபோது நல்ல விஷயம் கிடைத்தது. ஸ்பிரிங் 6.1 வருவதற்கு முன்னால், டீபக் தகவலுக்காக பைட்கோடில் எழுதப்பட்ட பெயர்களை ஸ்பிரிங் தானே தோண்டி எடுத்துக்கொண்டிருந்தது. 6.1இல் அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது 'பாராமீட்டர்ஸ்' என்கிற கம்பைலர் ஆப்ஷன் இருந்தால்தான் பெயர் தெரியும். ஸ்பிரிங் அப்ளிகேஷனை எளிதாகத் தொடங்க உதவும் ஸ்பிரிங் பூட்டின் பேரன்ட் பாம் (மேவன் பில்டுக்கான கோப்பு), கிரேடில் பில்டுக்கான பிளகின் இரண்டும் அந்த ஆப்ஷனைத் தாங்களே போட்டுவிடும். அவை இல்லாமல் கம்பைல் செய்தால், நேற்று வரை ஓடிய நிரல் இன்று நின்றுவிடும். ஃபீல்டில் ஆட்டோவயர் செய்தால் (பீனை ஸ்பிரிங்கே அங்கே வைக்கும்படி விட்டால்) இந்தத் தொல்லை இல்லை, ஏனென்றால் ஃபீல்டின் பெயர் கிளாஸ் கோப்பில் எப்போதும் இருக்கும்.

அன்றோடு வீடியோ பார்ப்பதை நிறுத்தினேன். வெப் எதுவும் இல்லாத சின்னப் புராஜெக்ட் ஒன்று, நான்கைந்து கிளாஸ், ஒரு மெயின் மெத்தட். ஓட்டுவதற்கு முன் என்ன வரும் என்று நோட்டில் எழுதிவிடுவேன், அப்புறம் ஓட்டிப் பார்ப்பேன். ஊகம் தவறிய இடத்தில் மட்டும் ஆவணத்தைத் திறப்பேன். இந்தப் பழக்கம் எனக்குக் கொடுத்ததை எந்தக் குறிப்பும் கொடுக்கவில்லை.

இன்னொன்றையும் செய்யச் சொல்வேன்: பீன்களை உருவாக்கி வைத்துக்கொள்ளும் ஒரு குட்டி கன்டெய்னரை நீங்களே எழுதிப் பாருங்கள். ஒரு மேப், கிளாஸின் கன்ஸ்ட்ரக்டரை ரிஃப்ளெக்ஷனில் (ஓடும்போதே கிளாஸை ஆராயும் வசதியில்) எடுப்பது, அதன் ஒவ்வொரு பாராமீட்டருக்கும் அதே மெத்தட்டை மறுபடி கூப்பிடுவது, அவ்வளவுதான். ஒரு மாலை போதும். நான் எழுதியதில் 'அ' கிளாஸுக்கு 'ஆ' வேண்டும், 'ஆ'வுக்கு 'அ' வேண்டும் என்று வைத்து ஓட்டினேன். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ வந்து திரை நிரம்பியது. 'உருவாகிக்கொண்டிருக்கும் பீன்கள்' என்று ஸ்பிரிங் உள்ளுக்குள் ஒரு பட்டியல் வைத்திருப்பது எதற்காக என்பது அந்த நொடியில் புரிந்தது. ஒரு பெயர் அந்தப் பட்டியலில் இரண்டாம் முறை வந்தால் அது சுழல்.

இந்தச் சுழல் டிபென்டென்சி பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், வேலையில் நான் அடிபட்ட இடம் இது. 2021 நவம்பரில் வந்த ஸ்பிரிங் பூட் 2.6 முதல், பீன்களுக்குள் சுழல் இருந்தால் அப்ளிகேஷன் தொடங்கவே தொடங்காது. அதற்கு முன்னால் ஃபீல்டிலோ செட்டரிலோ ஆட்டோவயர் செய்திருந்தால், பாதி உருவான பீனை மற்றதன் கையில் கொடுத்து ஸ்பிரிங் சமாளித்துவிடும். கன்ஸ்ட்ரக்டரில் சுழல் இருந்தால் அந்த வழியும் கிடையாது, கொடுப்பதற்குப் பாதிப் பொருள்கூட இன்னும் உருவாகியிருக்காதே. நாங்கள் 2.6க்கு மாறியபோது லாகில் பெட்டி பெட்டியாகக் கோடு போட்ட அந்தச் சுழல் படம் வந்தது: ஆர்டர் சர்வீஸ், நோட்டிஃபிகேஷன் சர்வீஸ், மறுபடி ஆர்டர் சர்வீஸ். ரிலீஸ் நெருங்கிவிட்டது. சுழலை அனுமதிக்கும் ப்ராப்பர்ட்டியை ட்ரூ என்று வைத்தேன். ஓடியது.

சில வாரம் கழித்து ஆர்டர் சர்வீஸில் ஒரு மெத்தட்டுக்கு, அதை வேறு த்ரெட்டில் ஓட்டும் அசிங்க் அனோட்டேஷன் போட்டேன். என் லேப்டாப்பில் சரியாக ஓடியது, டெஸ்ட் சர்வரில் ஜாராக (ஒரே கோப்பாகக் கட்டி) ஓட்டினால் தொடக்கத்திலேயே விழுந்தது. இரண்டு நாள் போனது. ஆர்டர் சர்வீஸ் முதலில் உருவாகத் தொடங்கினால், அதன் பச்சைப் பொருள் (மேலே எதுவும் சுற்றாத மூலப் பொருள்) நோட்டிஃபிகேஷன் சர்வீஸின் கைக்குப் போய்விடுகிறது. அதற்குப் பிறகுதான் அசிங்குக்கான ப்ராக்ஸி (அழைப்பை இடைமறிக்கும் உறை) அதன்மேல் சுற்றப்படுகிறது. ஒருவர் கையில் பச்சைப் பொருள், கன்டெய்னரில் ப்ராக்ஸி. இது பொருந்தாது என்று ஸ்பிரிங் நிறுத்திவிடுகிறது, நிறுத்துவதுதான் சரி. நோட்டிஃபிகேஷன் சர்வீஸ் முதலில் உருவானால் பிரச்சினையே வெளியே தெரியாது. லேப்டாப்பில் ஒரு வரிசை, ஜாரில் இன்னொரு வரிசை.

தேவைப்படும் வரை பீனைத் தள்ளிப்போடும் லேசி அனோட்டேஷன் போட்டும் தப்பித்திருக்கலாம். ஆனால் நான் காகிதத்தில் பெட்டியும் அம்பும் வரைந்து பார்த்தேன். நோட்டிஃபிகேஷன் சர்வீஸுக்கு ஆர்டரின் நிலையைப் படிக்கும் ஒரே ஒரு மெத்தட்தான் தேவைப்பட்டது. அதைத் தனிக் கிளாஸாகப் பிரித்ததும் அம்புகள் எல்லாம் ஒரே திசையில் போயின. ப்ராப்பர்ட்டியை அழித்தேன். இன்னொரு வழியும் இருக்கிறது: ஆர்டர் சர்வீஸ் நேராகக் கூப்பிடாமல் ஒரு ஈவன்ட்டை வெளியிடலாம், ஈவன்ட் லிசனர் அதைக் கேட்டுக்கொள்ளும். ஆனால் சாதாரண லிசனர் அதே த்ரெட்டில்தான் ஓடும். இது தேர்வுக்கும் உதவும்.

கேட்கும் ஒவ்வொரு முறையும் புதுப் பீன் தரும் புரோட்டோடைப் ஸ்கோப் பலரும் தடுமாறும் இடம். ஒன்றே ஒன்றாக இருக்கும் சிங்கிள்டன் பீனுக்குள் புரோட்டோடைப் பீனை ஆட்டோவயர் செய்தால் ஒரே ஒரு முறைதான் அது உள்ளே போகும். ஒவ்வொரு அழைப்புக்கும் புதிது வேண்டுமானால் ஆப்ஜெக்ட் ப்ரொவைடர் வழியாகக் கேட்க வேண்டும். புரோட்டோடைப் பீனின் டெஸ்ட்ராய் மெத்தட்டை ஸ்பிரிங் கூப்பிடாது என்பதையும் ஓட்டிப் பார்த்துவிடுங்கள், படித்தால் மறந்துபோகும்.

பிழை வந்தால் லாகின் முதல் வரியைப் பார்த்துப் பதற வேண்டாம். ஒரு பீன் விழுந்தால் அதை நம்பியிருப்பதும், அதை நம்பியிருப்பதும் வரிசையாக விழும், உண்மையான காரணம் கடைசி 'காஸ்டு பை' வரியில் இருக்கும். நான் கீழிருந்து மேலே படிக்கிறேன்.

ஜார்களின், அதாவது லைப்ரரிக் கோப்புகளின், டிபென்டென்சி வேறு விஷயம், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். மேவனில் ஒரே லைப்ரரி இரண்டு வெர்ஷனில் வந்தால் டிபென்டென்சி மரத்தில் நம் புராஜெக்டுக்கு அருகில் இருப்பதுதான் ஜெயிக்கும், புதியது என்பதற்காக எதுவும் ஜெயிக்காது. பூட் பார்த்துக்கொள்ளும் லைப்ரரிகளுக்கு நீங்களாக வெர்ஷன் எழுதாமல் இருந்தால் பாதித் தலைவலி குறையும்.

கடைசி வாரம் புதிதாக எதையும் தொடவில்லை. அலுவலகப் புராஜெக்டை டீபக் ஆப்ஷனோடு தொடங்கினால், பூட் தானாகச் செய்யும் அமைப்புகளில் (ஆட்டோ கான்ஃபிகரேஷன்) எது சேர்ந்தது, எது சேரவில்லை, ஏன் என்று நீளமாக ஒரு அறிக்கை வரும். தினமும் இரவு, சேராத பட்டியலிலிருந்து மூன்றை எடுத்து, அதைச் சேர வைக்க என்ன செய்ய வேண்டும் என்று யோசித்து, செய்தும் பார்த்தேன். ஒன்றுக்குக் கால் மணி நேரம் ஆனது.