"கொஞ்சம் ஸ்பீடு ஏத்திக் கொடுங்கண்ணே"

புதுக்கோட்டை, அறந்தாங்கி, பட்டுக்கோட்டைப் பக்கம் மரம் வெட்டுகிறவர்களின் செயின் சா மெஷின்களைப் பழுது பார்ப்பது என் தொழில். ஆனால் பட்டறைக்கு வருகிற மெஷின்களில் பல பழுதே இல்லாதவை. நன்றாக ஓடுகிற மெஷினைத் தூக்கி வந்து மேசையில் வைத்து, "அண்ணே, கொஞ்சம் ஸ்பீடு ஏத்திக் கொடுங்கண்ணே" என்பார்கள். அவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. தைல மரத் தோப்பில் கூலி டன் கணக்கு. வெட்டி, பட்டை உரித்து, துண்டு போட்டு, லாரியில் ஏற்றி, எடைமேடை தாண்டிய பிறகுதான் காசு. ஒரு மரத்துக்கு அரை நிமிடம் மிச்சமானாலும் பொழுது சாயும்போது லோடில் அது தெரியும்.

மெஷினை வாங்கியதும் நான் எஞ்சினைத் திறப்பதில்லை. பட்டறைக்குப் பின்னால் கிடக்கிற வேப்பங்கட்டையில் ஒரு துண்டு அறுக்கச் சொல்லிவிட்டு, கீழே என்ன விழுகிறது என்று பார்ப்பேன். சீவல் சீவலாகத் தெறித்தால் செயினில் குறையில்லை. மாவாகக் கொட்டினால் பல் மழுங்கிவிட்டது. அறுப்பு நேராக இறங்காமல் வளைந்து போனால் ஒரு பக்கத்துப் பற்கள் நீளம், மறு பக்கத்துப் பற்கள் குட்டை. அரம் போடும்போது நமக்குக் கை வசமான பக்கத்தை அழுத்திப் போட்டுவிட்டு, வசமில்லாத பக்கத்தை மேலாகத் தடவிவிடுவதால் வருவது இது. ஸ்பீடு கேட்டு வருகிற பெரும்பாலான மெஷின்களின் வியாதி இந்த இரண்டில் ஒன்றுதான். நல்ல அரம், அரை மணி நேரப் பொறுமை, அவ்வளவில் தீர்ந்துவிடும்.

செயினைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பல்லுக்கும் முன்னால் ஒரு சின்ன மேடு இருக்கிறது. பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை முடிவு செய்வது அந்த மேடுதான். தச்சரின் இழைப்புளியில் உளி எவ்வளவு வெளியே நீட்டியிருக்கிறதோ அவ்வளவுதான் மரத்தைச் சீவும் அல்லவா, அதே கணக்கு. பெரும்பாலான செயின்களில் பல்லின் நுனிக்கும் மேட்டுக்கும் உயர வித்தியாசம் 0.65 மில்லிமீட்டர். பல்லின் முதுகு பின்னோக்கிச் சரிவதால், அரம் போடப் போடப் பல் நீளத்தில் மட்டுமல்ல, உயரத்திலும் குறைகிறது. மேடு மட்டும் தேயாமல் அப்படியே நிற்கும். ஒரு கட்டத்தில் பல் சவரக்கத்தியாக இருந்தாலும் மரத்தைக் கடிக்காது. அப்போது மெஷினை உடம்பைப் போட்டு அமுக்குவார்கள். பார், அதாவது செயின் சுற்றி ஓடுகிற நீளத் தகடு, காயும், செயின் நீளும், கிளட்ச் கருகும். நாலைந்து தடவை பல்லுக்கு அரம் போட்டால் ஒரு தடவை அளவுகோல் வைத்து மேட்டைத் தட்டை அரத்தால் இறக்க வேண்டும் என்பது பல வருடம் மெஷின் பிடித்தவர்களுக்கே தெரியாமல் இருக்கிறது. எனக்கு இதுதான் பெரிய வருத்தம்.

இந்தப் பல்லின் கதையே அழகானது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மரம் வெட்டிக்கொண்டிருந்த ஜோ காக்ஸ், 1946-இல் ஒரு பட்டமரத்துக் கட்டையைக் குடைந்துகொண்டிருந்த வண்டுப் புழுவைக் கவனித்தார். அது தாடையை இடமும் வலமுமாக மாற்றி மாற்றி, நார் எந்தப் பக்கம் ஓடினாலும் மரத்தைச் சீவித் தள்ளிக்கொண்டு போனது. அதைப் பார்த்துத்தான் இடப்பல் வலப்பல் என்று மாறி மாறி வரும் செயினைச் செய்தார். அதற்கு முன் இருந்தவை கைரம்பம்போல மரத்தைக் கீறிக்கொண்டே போகும்; அடிக்கடி அரம் கேட்கும். இன்று நம் தோப்புகளில் ஓடுகிற செயின் எல்லாம் அந்தப் புழுவின் வழிதான்.

மேட்டை இறக்கினால் வேகம் கூடும் என்று தெரிந்ததும் சிலர் அளவில்லாமல் இறக்கிவிடுவார்கள். முருங்கை மாதிரி மெது மரத்தில் அது கொஞ்சம் பலிக்கும். புளியிலும் சீமைக் கருவேலத்திலும் வைத்தால் பல் மரத்தைக் கவ்விக்கொண்டு நிற்கும், 58 சிசி மெஷின் திணறி அணையும். அதைவிட மோசம், பாரின் நுனியில் மேல் பாதி எங்காவது பட்டால் மெஷின் முகத்தை நோக்கித் துள்ளும். மேடு குறையக் குறைய அந்தத் துள்ளலும் கூடும். அப்படி வருகிற செயினை நான் திருப்பிக் கொடுப்பதில்லை. வேறு செயின்தான் போட வேண்டும் என்று சொல்லிவிடுவேன்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்த பிறகு, எங்கள் பக்கம் மெஷின் வைத்திருந்த எல்லோரும் தென்னைதான் அறுத்தார்கள். வேகம் என்றால் என்ன என்பதை அந்த மாதங்களில்தான் நான் முழுதாகப் புரிந்துகொண்டேன். மூலை கூராக இருக்கும் பல், சுத்தமான மரத்தில் பறக்கும். ஆனால் சேறு அப்பிய தென்னந்தூரில், வேரோடு மண் ஒட்டிக் கிடக்கிற அடிமரத்தில் அந்தக் கூர்மூலை கொஞ்ச நேரத்தில் போய்விடும். தென்னையின் வெளிப்பகுதியே பல்லைத் தின்கிற சாதி, அதோடு மண்ணும் சேர்ந்தால் கேட்க வேண்டாம். மூலை உருண்ட பல் அறுப்புக்கு அறுப்பு கொஞ்சம் மெதுவாகப் போகும், ஆனால் கூர் தங்கும். அந்தச் செயினைப் போட்ட குழுக்கள்தான் சாயங்காலம் அதிகத் தோப்பைச் சுத்தம் செய்திருந்தன.

சரி, செயின் சுத்தமாக இருக்கிறது, அதன் பிறகும் வேகம் வேண்டும் என்றால்?

அடுத்து ஸ்பிராக்கெட், செயினை இழுத்து ஓட்டுகிற பற்சக்கரம். 3/8 அங்குலப் பிட்ச் (கண்ணிகளின் இடைவெளி அளவு) செயினில் 7 பல் ஸ்பிராக்கெட் ஒரு சுற்றுக்குச் செயினை சுமார் 133 மில்லிமீட்டர் நகர்த்தும். நிமிடத்துக்கு 10,000 சுற்று என்றால் நொடிக்கு 22 மீட்டர். 8 பல் போட்டால் அது 25 மீட்டரைத் தாண்டும். கணக்கில் 14 சதவீதம் லாபம். ஆனால் அதற்கேற்ப இழுவை குறைகிறது. 72 சிசி மெஷினில் குட்டைப் பார் போட்டு, தைல மரம், சவுக்கு மாதிரி ஒல்லி மரம் அறுப்பவர்களுக்கு நானே மாற்றிக் கொடுத்திருக்கிறேன். நீளப் பாரோடு கேட்பவர்களுக்கு மாட்டேன் என்று சொல்லிவிடுவேன்.

கார்பரேட்டர் விஷயத்தில்தான் மெஷின்கள் சாகின்றன. ஹை ஸ்பீடு ஸ்க்ரூவைக் கொஞ்சம் இறுக்கினால் சத்தம் கிறீச்சென்று ஏறும். கேட்பவருக்கு மெஷின் சீறுகிற மாதிரி இருக்கும். மரத்தில் வைத்தால் பழைய வேகம்தான், சில சமயம் அதைவிடக் குறைவு. இறுக்கியதால் பெட்ரோல் குறைகிறது. டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலோடுதான் உள்ளே போகிறது என்பதால் ஆயிலும் குறைகிறது. சூடு மட்டும் கூடுகிறது. கழற்றிப் பார்த்தால் பிஸ்டனில் சைலன்சர் பக்கம் செங்குத்தாகக் கீறல் கீறலாக இருக்கும். சரியாக டியூன் செய்த மெஷின், சுமை இல்லாமல் முழு ஆக்ஸிலேட்டர் கொடுக்கும்போது லேசாகப் புரபுரவென்று தடுமாற வேண்டும். மரத்தில் இறக்கியதும் அந்தத் தடுமாற்றம் மறைந்து குரல் சுத்தமாக வேண்டும். அந்தக் காதுதான் இந்தத் தொழிலின் படிப்பு. இப்போது பங்க்குகளில் வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வேறு. பழைய செட்டிங்கில் அப்படியே விட்டால் எரிகிற கலவையில் பெட்ரோல் பங்கு இன்னும் குறைந்துவிடுகிறது. அதனால் கொஞ்ச காலமாக வருகிற எல்லா மெஷினிலும் இந்த ஸ்க்ரூவை நானாகவே ஒரு முறை பார்த்துவிடுகிறேன்.

சைலன்சரைத் திறப்பதில் உண்மையாகவே பலன் உண்டு, மறைக்க மாட்டேன். சில மாடல்களில் புகை வெளியேறும் வாய் விரல் நுனி அளவுதான் இருக்கும். அதைப் பெரிதாக்கினால் மெஷினுக்கு மூச்சு விட இடம் கிடைக்கும், பெரிய அடிமரத்தில் பாரை முழுதாகப் புதைத்தாலும் சுற்று விழாது. சிலிண்டரின் புகைவாசலில் முக்கால் பங்குக்கு மேல் துளை போகக் கூடாது என்பது என் அளவு. துளை பெரிதானதும் கலவை மாறும், ஹை ஸ்பீடு ஸ்க்ரூவைத் திறந்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் துளை மட்டும் போட்டுக்கொண்டு வந்து, பிஸ்டன் பிடித்த பிறகு என்னிடம் வருகிறவர்கள் அதிகம். இன்னொன்று, சைலன்சருக்குள் இருக்கிற தீப்பொறி வலையை நான் எடுப்பதே இல்லை. சித்திரையில் தைல மரத் தோப்பின் தரை முழுக்க எண்ணெய்ச் சத்துள்ள சருகு. ஒரு பொறி போதும்.

சிலிண்டரின் வாசல்களைக் கடைந்து பெரிதாக்கும் வேலையையும் கேட்கிறார்கள், வீடியோ பார்த்துவிட்டு. 1985 முதல் நடக்கிற டிம்பர்ஸ்போர்ட்ஸ் என்ற மரம் அறுக்கும் போட்டியில் 'ஹாட் சா' என்று ஒரு பிரிவு உண்டு. பனியில் ஓடுகிற ஸ்னோமொபைல் எஞ்சினைக்கூட அதில் பூட்டுவார்கள். கட்டையில் கீழே, மேலே, மீண்டும் கீழே என மூன்று அறுப்பு, சில நொடிகளில் வேலை முடிந்துவிடும். அந்த மெஷின் அவ்வளவு நேரம் உயிரோடு இருந்தால் போதும். நம் மெஷின் வெயிலில் நாள் முழுக்க ஓட வேண்டும். வாசலை அகலமாக்கினால் பிஸ்டன் ரிங் அதில் மாட்டி உடையும். ரிங் உடைந்தால் சிலிண்டரும் போச்சு. அந்த வேலைக்கு நான் கை வைப்பதில்லை.

கிளை கழிக்கத் தடையாக இருக்கிறது என்று முன்னால் இருக்கிற செயின் பிரேக் கைப்பிடியைக் கழற்றி வீசிவிட்டு ஸ்பீடு கேட்டு வருகிறவர்களிடம் மட்டும் எனக்குக் கோபம் வரும். அதை மாட்டாமல் மெஷினை வெளியே விடமாட்டேன், சண்டைக்கு வந்தாலும் சரி.

பையன்கள் வந்தால் உட்காரவைத்து அரம் போடச் சொல்லித் தருகிறேன். 58 சிசி மெஷினின் .325 செயினுக்கு 4.8 மில்லிமீட்டர் உருண்டை அரம், 30 டிகிரி சாய்வு, முன்னோக்கி மட்டும் தள்ளல், பல்லுக்கு இரண்டு மூன்று தடவை, டேங்க் நிரப்பும்போதெல்லாம். சைலன்சர் வேலை கேட்பவர்களிடம், இப்படி ஒரு வாரம் ஓட்டிவிட்டு வாருங்கள் என்கிறேன். பெரும்பாலோர் அதோடு சரி. அப்புறமும் சிலர் வருவார்கள். பெரிய மெஷின் வைத்து, புளிய மரமும் வாகையும் அறுக்கிறவர்கள், தினமும் பல் பார்க்கிறவர்கள். அவர்களுக்குச் சைலன்சரைத் திறந்து, கார்பரேட்டரைச் சரிசெய்து, அதே வேப்பங்கட்டையில் வைத்து அறுத்துக் காட்டிவிட்டுக் கையில் கொடுக்கிறேன்.