புதுப் பெயிண்டுக்கு உடனே வாக்ஸ் போட விடாதீர்கள்

காரின் இடப்பக்கக் கதவும் முன் ஃபெண்டரும் அடிபட்டு ஒர்க்‌ஷாப்பில் விட்டிருந்தேன். இன்சூரன்ஸ் சர்வே, டிங்கரிங், பட்டி, நிறப் பொருத்தம் எல்லாம் ஒழுங்காகவே முடிந்தன. வில்லங்கம் டெலிவரி எடுக்கும்போதுதான் வந்தது.

பில்லில் ‘வாக்ஸ் பாலிஷ்’ என்று ஒரு வரி. நான் கேட்கவே இல்லை. “புதுப் பெயிண்டுக்குப் பாதுகாப்பு சார், எல்லாருக்கும் போட்டுவிடுகிறோம்” என்றார் அட்வைசர். கிளெய்மில் சேராது, கைக்காசுதான். வண்டி பெயிண்ட் பூத்தைவிட்டு வெளியே வந்ததே முந்தைய நாள் சாயங்காலம்!

சீக்கிரமே கதவின் பளபளப்பு போய்விட்டது. சாய்வாகப் பார்த்தால் கண்ணாடியில் மூச்சு விட்டதுபோல ஒரு மூட்டம். கேட்கப் போனால் அட்வைசர் விடுப்பு. மறுபடியும் போனால், “வெயிலில் நிறுத்தியிருப்பீர்கள்” என்று பழியை என்மேல் போட்டார். மதுரையில் வெயிலில் நிற்காத கார் எது? எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

அவரை விட்டுவிட்டுப் பின்பக்கம் பெயிண்ட் அடிக்கும் இடத்துக்கே போனேன். வயதான பெயிண்டர் ஒருவர் கதவைத் திறந்து, கண்ணில் படாத உள்விளிம்பில் நகத்தை அழுத்தினார். தடம் பதிந்து அப்படியே நின்றது. “இன்னும் இறுகவில்லை தம்பி. நிறத்துக்கு மேலே அடிக்கிற கிளியர் கோட்டும் கனமாக விழுந்திருக்கிறது. மேலே வாக்ஸ் போட்டு மூடினால் பெயிண்டில் கலந்த தின்னர் எந்த வழியாகப் போகும்?”

கம்பெனியில் வெறும் பாடியை 140 டிகிரி அளவில் சுட்டெடுக்கிறார்கள். புது வண்டிக்குக் காத்திருக்கத் தேவையில்லை. ஒர்க்‌ஷாப்பில் ஒயரிங், ரப்பர், பிளாஸ்டிக் எல்லாம் மாட்டியிருப்பதால் 60 டிகிரியோடு நிறுத்த வேண்டும். தொட்டால் ஒட்டாதே தவிர, உள்ளே தின்னர் வெளியேறப் பல வாரங்கள் ஆகும். அதனால்தான் 30 முதல் 90 நாள் வரை பொறுக்கச் சொல்கிறார்கள். செராமிக் கோட்டிங்குக்கும் அவசரப்படக் கூடாது.

எத்தனை நாள் என்பது பெயிண்டுக்குப் பெயிண்ட் மாறும். அந்த கிளியர் கோட்டின் தகவல் தாளைக் கேட்டு வாங்கி, வாக்ஸ் பற்றிய வரியை மேனேஜர் முன்னால் விரல் வைத்துக் காட்டினேன். அதன்பிறகு ஒரு பேச்சும் இல்லை. வாக்ஸ் பணம் திரும்பி வந்தது. வாக்ஸைத் துடைத்தெடுத்து, பெயிண்ட் இறுகிய பிறகு இலவசமாக ரப்பிங் செய்தும் கொடுத்தார்கள். மூட்டம் போய்விட்டது. அந்தப் பெயிண்டருக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

காத்திருக்கும் நாட்களில் தண்ணீரும் மென்மையான கார் ஷாம்பூவும் போதும். பிரஷ் சுழலும் வாஷுக்கு விடாதீர்கள். கவர் போட்டு மூடாதீர்கள். காக்கை எச்சத்தை மட்டும் ஒரு மணி நேரம்கூட விட்டுவைக்காதீர்கள், இறுகாத பெயிண்டை அது அரித்துவிடும். தேய்க்காமல் நனைத்து எடுங்கள்.

வண்டியை விடும்போதே ஜாப் கார்டில் ‘வாக்ஸ் வேண்டாம், கோட்டிங் வேண்டாம்’ என்று எழுத வையுங்கள். பெயிண்ட் அடித்த தேதியையும் பில்லிலேயே குறித்து வாங்குங்கள். டெலிவரி தேதியை வைத்து நாள் எண்ண முடியாது.